33 எண்ணு, 4 நோட்ரம்ப் கேளு, 6 போடு: இந்த மூணு படி வைத்தியம் எப்போ ஒழியும்?

ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து போனைத் திறந்தா, நான் இருக்கிற பிரிட்ஜ் வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு ஃபார்வர்டு. "ஸ்லாம் போக மூன்றே படிகள். ரெண்டு கையும் சேர்ந்து 33 பாயிண்ட் வருகிறதா என்று எண்ணு. 4 நோட்ரம்ப் சொல்லி ஏஸ் கேள். ஒரு ஏஸுக்கு மேல் குறையவில்லை என்றால் 6 போடு." கீழே வரிசையா கைதட்டல் எமோஜி. தட்டினவங்கள்ல பாதிப் பேர் நான் சீட்டு கலைக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே பிரிட்ஜ் ஆடினவங்க.

அதான் இந்த த்ரெட். நீளமா போகும். "சீட்டாட்டம் பத்தி டாக்டருக்கு என்ன பேச்சு"ன்னு நினைக்கிறவங்க இப்பவே ம்யூட் பண்ணிக்கலாம், கோபமில்லை. டெங்கு பத்தி அடுத்த வாரம் எழுதறேன்.

பிரிட்ஜ் தெரியாதவங்களுக்கு ரெண்டு நிமிஷம். நாலு பேர், எதிரெதிரே உக்கார்ந்தவங்க ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு, ஆக மொத்தம் 13 ட்ரிக். ஆடறதுக்கு முன்னாடி ஏலம்: எங்க ஜோடி இத்தனை ட்ரிக் எடுக்கும், துருப்பு இது. சொல்ற எண்ணோட 6-ஐக் கூட்டிக்கணும். 4 ஸ்பேடுன்னா 10 ட்ரிக். 6 ஸ்பேடுன்னா 12, அதுதான் ஸ்மால் ஸ்லாம். 7 சொன்னா 13-ம் எடுக்கணும், கிராண்ட் ஸ்லாம். ஏலத்துல பேச 35 பிட், அதோட பாஸ், டபுள், ரீடபுள். மொத்தம் 38 சொல்தான் அகராதி. கண்ணடிக்கக் கூடாது, இருமக் கூடாது. அந்த 38 சொல்லை வச்சு உங்க கைல இருக்கறதை எதிர்ல இருக்கறவருக்குப் புரிய வைக்கணும்.

1925-ல ஹரால்டு வாண்டர்பில்ட் பனாமா கால்வாய் வழியா கப்பல்ல போகும்போது உருவாக்கின ஸ்கோரிங் முறைதான் இன்னைக்கு ஆடற கான்ட்ராக்ட் பிரிட்ஜோட அடிப்படை. அதுல முக்கியமான விஷயம், ஸ்லாமை ஏலத்துலயே சொல்லி எடுத்தாத்தான் போனஸ். 4 ஸ்பேடு சொல்லிட்டு 12 ட்ரிக் எடுத்தா அந்தப் பெரிய போனஸ் கிடையாது. ஸ்மால் ஸ்லாமுக்கு 500 (வல்னரபிள்னா 750), கிராண்டுக்கு 1000 (வல்னரபிள்னா 1500). அதனால ஸ்லாம் ஏலம்ங்கறது இந்த ஆட்டத்துல ஓர் ஓரம் கிடையாது, நடு மையம்.

சரி, எவ்வளவு உறுதியா இருந்தா 6 போடலாம்? இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். டீம் மேட்ச், வல்னரபிள் இல்லை. 6 ஸ்பேடு சொல்லி எடுத்தா 980. 4 ஸ்பேடுல நின்னு அதே 12 ட்ரிக் எடுத்தா 480. வித்தியாசம் 500, அதாவது 11 இம்ப் லாபம். ஒரு ட்ரிக் தவறினா மைனஸ் 50, பக்கத்து டேபிள்ல 4 ஸ்பேடுல 11 எடுத்தவனுக்கு 450. அதுவும் 500, 11 இம்ப் நஷ்டம். சரிக்குச் சரி. ஆக ஸ்மால் ஸ்லாமுக்கு 50 சதவீத வாய்ப்பு போதும். ஒரே ஒரு ஃபினெஸ் பலிச்சா வரும்னு தெரிஞ்சா போடலாம், தப்பில்லை. கிராண்ட் வேற கதை. எடுத்தா 11 இம்ப் கூடுதல், விட்டா 14 போகும். 56 சதவீதமாவது வேணும். நிஜத்துல இன்னும் கொஞ்சம் கூடுதலா எதிர்பார்க்கிறதுதான் புத்தி, ஏன்னா எதிர் டேபிள்ல சில சமயம் 6-கூடப் போயிருக்க மாட்டாங்க.

இப்போ அந்த 33. இது எங்கிருந்து வந்தது? ஏஸ் 4, கிங் 3, க்வீன் 2, ஜாக் 1 என்ற எண்ணிக்கைக்கு மில்டன் வொர்க் பேரைச் சொல்வாங்க. அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் சார்லஸ் கோரன். சீட்டுக்கட்டுல மொத்தம் 40 பாயிண்ட். நம்மகிட்ட 33 இருந்தா எதிராளிகிட்ட 7. ரெண்டு ஏஸுக்கு 8 வேணுமே, அதனால ரெண்டு ஏஸ் அவங்ககிட்ட இருக்க வழியில்லை. அவ்வளவுதான் லாஜிக். ரெண்டு பேர் கையும் சமமா பரவி, நோட்ரம்ப் ஆடும்போது இது நல்ல கணக்கு. துருப்பு வச்சு ஆடற ஆட்டத்துல இதை வேதவாக்கா பிடிச்சுக்கிட்டா என்ன ஆகும்னு பார்ப்போம். ஒரு பேப்பர் எடுத்து எழுதிக்கிட்டே வாங்க.

உங்க கை: ஸ்பேடு கிங், க்வீன், ஜாக், 8, 4. ஹார்ட் ஒரே ஒரு 5. டைமண்ட் ஏஸ், க்வீன், 6, 3. கிளப் ஏஸ், 7, 2. 16 பாயிண்ட். 1 ஸ்பேடு சொல்றீங்க. பார்ட்னர் 3 ஸ்பேடு. அதாவது நாலு ஸ்பேடு இருக்கு, பத்துப் பதினொரு பாயிண்ட், நீங்க யோசிங்க.

பார்ட்னர் கை இப்படி இருக்கலாம். ஸ்பேடு ஏஸ், 9, 7, 3. ஹார்ட் 8, 6, 4, 2. டைமண்ட் கிங், 5. கிளப் கிங், 4, 3. பத்து பாயிண்ட்.

இப்படியும் இருக்கலாம். ஸ்பேடு அதே ஏஸ், 9, 7, 3. ஹார்ட் கிங், க்வீன், ஜாக், 2. டைமண்ட் 8, 5. கிளப் 8, 4, 3. இதுவும் பத்து பாயிண்ட்தான். படம் போட்ட சீட்டு அழகா தொடர்ச்சியா வேற இருக்கு.

ரெண்டுலயும் கூட்டுத்தொகை 26. ஃபார்வர்டு சாமியார் கணக்குப்படி ரெண்டுமே ஸ்லாம் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது.

முதல் கையை ஆடிப் பாருங்க. ஹார்ட்ல ஒண்ணு போகும், அவ்வளவுதான். டைமண்ட் கிங், ஏஸ், க்வீன் ஆடும்போது பார்ட்னர் கையிலிருந்து ஒரு கிளப்பைத் தூக்கிப் போடறோம். அப்புறம் கிளப் கிங், ஏஸ், மூணாவது கிளப்பை அங்கே துருப்பால வெட்டறோம். நாலாவது டைமண்டையும் அங்கேயே வெட்டறோம். உங்க துருப்பு 5, டைமண்ட் 3, கிளப் 2, வெட்டினது 2. பன்னிரண்டு. துருப்பு 4-0-ன்னு அநியாயமா பிரியாம இருந்தா பெரும்பாலும் வந்துடும். 26 பாயிண்ட்ல அருமையான ஸ்லாம்.

ரெண்டாவது கையில எதிராளி கிளப் போட்டு ஆரம்பிச்சா? ஏஸ் போச்சு. துருப்பைப் பிடுங்கிட்டு ஹார்ட் ஆடினா அவங்க ஹார்ட் ஏஸ் எடுத்து ரெண்டு கிளப்பையும் உருவிடுவாங்க. பத்து ட்ரிக். 4 ஸ்பேடு சொன்னவனுக்கு சந்தோஷம், 6 சொன்னவனுக்கு ரெண்டு டவுன்.

இப்போ 4 நோட்ரம்ப் கேளுங்க. இந்தக் காலத்து கீகார்டு முறையிலயே கேளுங்க, நாலு ஏஸும் துருப்பு கிங்கும் சேர்த்து அஞ்சு. உங்ககிட்ட மூணு இருக்கு. முதல் கை என்ன பதில் சொல்லும்? "ஒண்ணு." ரெண்டாவது கை? அதுவும் "ஒண்ணு." 12 ட்ரிக் வர்ற கையும் 10 ட்ரிக் வர்ற கையும் வார்த்தை மாறாம ஒரே பதில். அந்தக் கேள்வியால இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கவே முடியாது. பிரிக்கிறது எது? டைமண்ட் கிங்கும் கிளப் கிங்கும் இருக்கா, இல்ல உங்க ஒத்தை ஹார்ட்டுக்கு எதிரே கிங், க்வீன், ஜாக்னு வீணா குவிஞ்சிருக்கான்னுதான். அதைக் கேக்க 4 நோட்ரம்புக்கு வாய் கிடையாது.

வேற வழி என்ன? கன்ட்ரோல் பிட். 3 ஸ்பேடுக்கு அப்புறம் நீங்க 4 கிளப் சொல்றீங்க: "எனக்கு ஸ்லாம் ஆசை இருக்கு, கிளப்ல ஏஸோ கிங்கோ, இல்ல ஒண்ணோ ஒண்ணுமில்லாமலோ இருக்கு." முதல் கைக்காரர் 4 டைமண்ட் சொல்வார். நீங்க 4 ஹார்ட். அவர் ஆட்டம் முடியற 4 ஸ்பேடைத் தாண்டி 5 கிளப் சொல்வார், கிங் இருக்கே. பத்து பாயிண்ட்ல ஆறு எங்கே இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு, ரெண்டும் உங்களுக்கு வேணுங்கிற இடத்துல. 6 ஸ்பேடு. ஏஸ் கணக்கே யாரும் கேக்கல. ரெண்டாவது கைக்காரர்? உங்க 4 கிளப்புக்கு டைமண்டைத் தாண்டி 4 ஹார்ட் சொல்வார். டைமண்ட்ல ஒண்ணும் இல்லை, இருக்கறது ஹார்ட்ல. உங்க ஒத்தை ஹார்ட்டுக்கு எதிரே. 4 ஸ்பேடு, பாஸ், தண்ணி குடிங்க.

சொல்லாம தாண்டினதும் ஒரு தகவல். அதுதான் இதுல அழகு. பல்ஸ் பார்க்கும்போது கிடைக்காத பல்ஸும் ஒரு கண்டுபிடிப்புதானே, அந்த மாதிரி.

இனி என் சொந்த அவமானம். போன மாசம் ஆன்லைன்ல ஒரு டீம் மேட்ச். என் பார்ட்னர் ரிட்டயர் ஆனவர், அப்பா வயசு, நான் சார்னுதான் கூப்பிடுவேன். அவர் கை: ஸ்பேடு ஏஸ், கிங், ஜாக், 10, 6. ஹார்ட் ஏஸ், க்வீன், 5. டைமண்ட் கிங், க்வீன், 4. கிளப் 8, 6. என் கை: ஸ்பேடு க்வீன், 9, 7, 3. ஹார்ட் கிங், ஜாக், 4. டைமண்ட் ஏஸ், ஜாக், 5. கிளப் 9, 7, 3.

அவர் 1 ஸ்பேடு, நான் 3 ஸ்பேடு. மறு நொடி 4 நோட்ரம்ப். நான் ஒண்ணுன்னேன். "ஒரே ஒரு ஏஸ்தானே இல்ல" என்று 6 ஸ்பேடு. கிளப் ஏஸ் வந்தது. கிளப் கிங் வந்தது. ஆட்டம் ரெண்டு ட்ரிக்ல முடிஞ்சது. எண்ணிப் பார்த்தா எங்ககிட்ட 30 பாயிண்ட். ஸ்பேடு, ஹார்ட், டைமண்ட் மூணுலயும் ஏஸ்ல இருந்து ஜாக் வரைக்கும் அத்தனையும் எங்ககிட்டதான். அவங்களோட பத்து பாயிண்டும் கிளப்லயே உக்கார்ந்திருந்தது. அவரால 4 கிளப் சொல்லியிருக்க முடியாது, 4 டைமண்ட்தான் சொல்லியிருப்பார். அதைக் கேட்ட நொடி அவருக்குக் கிளப்ல பிடி இல்லைன்னு எனக்குத் தெரியும், எனக்கும் இல்லை, நான் 4 ஸ்பேடுல நிறுத்தியிருப்பேன். ஆனா என்னை யாரும் அதைக் கேக்கல. ஏஸ் எத்தனைன்னுதான் கேட்டாங்க.

பிளாக்வுட்டைத் திட்டலை. ஈஸ்லி பிளாக்வுட் அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ்காரர், இன்ஷூரன்ஸ் வேலை. 1933 வாக்குல இந்த 4 நோட்ரம்ப் கேள்வியை உருவாக்கினார். அந்தக் காலத்துல எலி கல்பர்ட்சன் கொடி பறந்துக்கிட்டிருந்தது, அவர்கிட்ட வேற ஒரு 4 நோட்ரம்ப் இருந்தது. அதைச் சொல்றவர்கிட்ட மூணு ஏஸ் இருக்கணும், இல்லைன்னா ரெண்டு ஏஸும் ஏலத்துல சொன்ன ஒரு நிறத்தோட கிங்கும் இருக்கணும். அதாவது கேக்கறவரும் தன் கையைப் பத்தி ஏதோ சொல்லியாகணும். பிளாக்வுட்ல கேக்கறவர் வாயே திறக்க வேண்டாம், பதில் மட்டும் வரும். சுலபம். அதனாலதான் ஜெயிச்சது. இன்ஷூரன்ஸ்காரர் செஞ்சது இன்ஷூரன்ஸ் பாலிசி. ரெண்டு ஏஸ் இல்லாம 6-ல போய் விழாம காப்பாத்தறதுக்கு. ஸ்லாம் இருக்கான்னு கண்டுபிடிக்க இல்லை. ஸ்லாம் இருக்குன்னு நீங்க ஏற்கனவே முடிவு பண்ணியாச்சு, கடைசியா ஒரு தடவை செக் பண்றீங்க, அதுக்குத்தான் அது.

எங்க தொழில்ல இந்த வியாதிக்கு நல்ல பழக்கம் உண்டு. ஜுரம்னு வந்தவுடனே விடால் எழுதறது. நெஞ்சு வலின்னவுடனே யோசிக்காம டி-டைமர் எழுதறது. கர்ப்பிணிக்கும், ஆபரேஷன் ஆனவருக்கும், 80 வயசு தாத்தாவுக்கும் அது உயர்ந்துதான் இருக்கும். ரிசல்ட் பாசிட்டிவ்னா என்ன செய்யப்போறே, நெகட்டிவ்னா என்ன செய்யப்போறேன்னு கேட்டா பதில் வராது. ரெண்டுக்கும் ஒரே வைத்தியம்னா டெஸ்ட் எதுக்கு? 4 நோட்ரம்ப் அட்டையை எடுக்கறதுக்கு முன்னாடியும் இதே கேள்விதான். "ஒண்ணு"ன்னா என்ன, "ரெண்டு"ன்னா என்ன, ரெண்டுக்கும் முடிவு கையில இருக்கா? ஏதாவது ஒரு நிறத்துல முதல் ரெண்டு ட்ரிக்கும் பறிபோற நிலைமை இருந்தா கேக்காதீங்க. உங்க கையில ஒரு நிறம் சுத்தமா இல்லைன்னாலும் கேக்காதீங்க, பார்ட்னர் சொல்ற ஏஸ் அந்த வீணான ஏஸா இல்லையான்னு தெரியாது. துருப்பு கிளப்னா ரெண்டு தடவை யோசிங்க, பதிலே 5 கிளப்பைத் தாண்டிப் போயிடும், திரும்பி வர ரோடு இல்லை.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் பெருசு. 4 நோட்ரம்ப் கேட்ட நொடியில ஒருத்தர் முதலாளி, இன்னொருத்தர் குமாஸ்தா. எண்ணிச் சொல்லு, மீதியை நான் பார்த்துக்கறேன். வார்டு ரவுண்ட்ஸ்ல ஒரு நாள் நான் சார்ட்டைப் பார்த்து பிபி எவ்வளவு, யூரின் எவ்வளவுன்னு கேட்டுக்கிட்டே போறேன், சிஸ்டரும் நம்பர் சொல்லிக்கிட்டே வர்றாங்க. அடுத்த பெட்டுக்கு நகரும்போது, "சார், காலைல இருந்து அந்தம்மா பேச்சு ஒரு மாதிரி இருக்கு"ன்னாங்க. சுகர் பார்த்தா 42. என் கேள்வி எதுலயும் அது இல்லை. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது, நான் இடம் விடலை. அன்னைக்கு ராத்திரி கூட ஒரு கை ஆடினேன், சார் 4 நோட்ரம்ப் கேட்டார், எனக்குச் சிரிப்பு வந்தது.

வரப்போற மறுப்பெல்லாம் தெரியும். "கன்ட்ரோல் சொன்னா எதிராளிக்கும் கேக்குமே, எதைப் போட்டு ஆரம்பிக்கலாம்னு நாமளே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகுமே." நியாயமான பேச்சு. பன்னிரண்டு ட்ரிக்கும் உங்க கண்ணுக்குத் தெரியுதுன்னா ஒண்ணும் சொல்லாம நேரா 6-க்குத் தாவுங்க, நானும் அதைத்தான் செய்வேன். தெரியாதபோதுதான் பேசணும். தெரியாம 6-க்குப் போய் எதிராளிக்கு ரகசியம் காத்தேன்னு பெருமைப்படறதுல அர்த்தமில்லை.

"புதுசா சேர்ந்த பார்ட்னரோட இதெல்லாம் குழப்பம்." அஞ்சு நிமிஷம் பேசினா போதும். துருப்பு முடிவான பிறகு, கேமுக்கு மேல் ஆசை இருந்தா மலிவான கன்ட்ரோலை முதல்ல சொல்லு, தாண்டினா இல்லைன்னு அர்த்தம். ஏஸ், கிங், ஒத்தை, வெறுமை எல்லாம் சமம். ஏஸை மட்டும் முதல்ல சொல்லணும்னு பழைய பள்ளிக்கூடம் ஒண்ணு உண்டு. அதை உடைச்சு முதல் சுத்தும் ரெண்டாவது சுத்தும் ஒண்ணாவே காட்டற பழக்கத்தைப் பரப்பினவங்கள்ல இத்தாலியோட ப்ளூ டீம் முக்கியமானது. 1957-ல இருந்து 1975 வரைக்கும் பெர்முடா பவுலை 13 தடவை இத்தாலி எடுத்திருக்கு. அதுக்கு வேற காரணங்களும் உண்டு, ஆனா இதுவும் ஒண்ணு.

"புதுசா கத்துக்கறவங்களுக்கு 33-ம் 4 நோட்ரம்பும்தான் சுலபம், மத்ததெல்லாம் அப்புறம்." இதைக் கேட்டாத்தான் எனக்கு ரத்தம் கொதிக்குது. அந்த அப்புறம் வர்றதே இல்லை, முப்பது வருஷம் ஆடினவங்களே கைதட்டறதை நேத்து பார்த்தேனே. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் ஆண்கள் ஜோடிப் பிரிவுல தங்கம் வாங்கினாங்க. ஒருத்தருக்கு 60, இன்னொருத்தருக்கு 56. சீட்டாட்டத்துக்குத் தங்கமான்னு சிரிச்சவங்க ஒரு பக்கம், மறு பக்கம் எங்க ஹவுஸ் சர்ஜன் பசங்க நாலு பேர் சொல்லிக்கொடுங்கன்னு வந்தாங்க. அதுவரைக்கும் கழுதையும் ரம்மியும்தான் ஆடினவங்க. நான் அவங்களுக்கும் முதல்ல 33-தான் சொல்லிக்கொடுத்தேன், ஒத்துக்கறேன். ரெண்டு மாசத்துல ரெண்டு பேர் நின்னுட்டாங்க. ஒருத்தன் போகும்போது சொன்னான்: "சார், கூட்டல் கழித்தல் மாதிரி இருக்கு. நான் பண்ண ஒண்ணுமில்ல." அவன் சொன்னது ஆட்டத்தைப் பத்தி இல்லை, நான் சொல்லிக்கொடுத்த விதத்தைப் பத்தி. மீதி ரெண்டு பேருக்கு மேலே எழுதின அந்த ரெண்டு கையையும் மேஜையில விரிச்சுக் காட்டினேன். ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் எழுந்திருக்கலை. அதுல ஒரு பொண்ணு இப்போ எனக்கே தப்பு சொல்லுது.

அந்த ஃபார்வர்டுக்குக் கீழே இந்த ரெண்டு கையையும் காலையில போட்டேன். "நல்ல கோட்பாடு டாக்டர், நடைமுறைக்கு வராது"ன்னு ஒரு பதில், கட்டை விரல் மூணு. சார் குரூப்ல ஒண்ணும் சொல்லலை. மத்தியானம் தனியா மெசேஜ் வந்தது.

"தம்பி, 4 கிளப் சொன்னா ஏஸ் மட்டும்தானா, கிங்குக்கும் சொல்லலாமா?"

"ரெண்டுக்கும் சொல்லலாம் சார். ஒத்தைக்கும் உண்டு."

"அன்னைக்கு நான் 4 டைமண்ட் சொல்லியிருந்தா நீ நின்னிருப்பியா?"

"நின்னிருப்பேன் சார்."

கொஞ்ச நேரம் டைப்பிங் டைப்பிங்னு காட்டிக்கிட்டே இருந்தது. அப்புறம், "நாளைக்கு டூட்டி இல்லைன்னா ஒன்பது மணிக்கு ஆன்லைன் வா. 4 நோட்ரம்ப் இல்லாம ஒரு மேட்ச் ஆடிப் பார்ப்போம்."